இன்ஜின் ஓடுது, கரண்ட் வரல: விடுப்பில் நெல்லை வருபவர்களுக்கு

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முதலில் அடம் பிடிப்பது மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் ஜெனரேட்டர்தான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மூன்று வார விடுப்பில் வருபவர், வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனுக்கே போன் போடுவார். அவரும் வருவார், கயிறை நாலு தடவை இழுப்பார், “காயில் போயிருக்கும் அண்ணாச்சி, வண்டியில ஏத்தணும்” என்பார். விடுப்பில் ஒரு வாரம் அதிலேயே கரையும்.

எலக்ட்ரீஷியன் மேல் குற்றமில்லை. ஜெனரேட்டர் என்பது மூன்று பேர் வேலை. இன்ஜின் பக்கம் மெக்கானிக்குடையது. கரண்டை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், மோட்டார் காயில் கட்டும் கடைக்காரருடையது. அங்கிருந்து மெயின் போர்டு வரை வரும் கேபிள், சேஞ்ச் ஓவர் (ஈ.பி. கரண்டுக்கும் ஜெனரேட்டர் கரண்டுக்கும் மாற்றும் சுவிட்ச்), எர்த் இவைதான் எலக்ட்ரீஷியனுடையது. போன் போடுவதற்கு முன் பழுது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. “இன்ஜின் ஓடுதா? ஓடினா வோல்ட் எவ்வளவு காட்டுது? கடைசியா எப்ப ஓட்டினீங்க?” என்று போனிலேயே திருப்பிக் கேட்பவரை நம்பலாம். எதுவும் கேட்காமல் “வாரேன்” என்பவர் வெறும் டெஸ்டரோடுதான் வருவார். மல்டிமீட்டர், டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விக் கரண்ட் அளப்பது), 500 வோல்ட் மெக்கர் (காயிலின் இன்சுலேஷனைச் சோதிப்பது) மூன்றும் இல்லாத ஆள் ஆல்டர்னேட்டரைத் திறக்க வேண்டாம்.

தகுதி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு; டீசல் மெக்கானிக் தனிப் பிரிவு. ஐ.டி.ஐ. சான்றிதழ் படிப்புக்கானது. வீட்டு ஒயரிங்கில் கை வைக்க மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று வேறு: உதவியாளர், கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று படிகள். சேஞ்ச் ஓவர் மாற்றுவது, எர்த் போடுவது என்றால் கம்பியாளர் சான்றையும், அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டே பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கோபித்தால் அதுவே பதில்.

இன்ஜினே கிளம்பவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் தேவையில்லை. பெட்ரோல் செட்டில் பெரும்பாலும் பழைய எரிபொருள்தான் வினை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும். ஒரு வருடம் டேங்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் அடைக்கும். டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் வால்வை (காக்) மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திக் காலி செய்து, டேங்கையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகே கயிறை இழுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல சிறிய செட்களில் உண்டு. சரிவான போர்டிகோவில் வைத்தாலே ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அது வேலை செய்துவிடும். சமதளத்தில் நகர்த்தி வைத்ததும் கிளம்பிய செட்டுக்குக்கூட ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கப்படுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டிய வீட்டில் குளவிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

டீசல் செட்டில் முதல் சந்தேகம் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி முடிந்தது. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் லைனில் காற்று: ஃபில்டர் தலையில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடித்து இறுக்குவது பத்து நிமிட வேலை.

இனி தலைப்பில் உள்ள வியாதி. இன்ஜின் ஓடுகிறது, பல்பு எரியவில்லை. முதலில் செட்டின் சொந்த எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பார்த்து, வீட்டு லைனை முழுக்கக் கழற்றிவிட்டு, செட்டின் சாக்கெட்டில் மீட்டர் வைக்க வேண்டும். அங்கே 230 வந்தால் குறை கேபிளிலோ சேஞ்ச் ஓவரிலோ இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். சில வோல்ட் மட்டும் வந்தால் ரோட்டரில் (சுழலும் பாகத்தில்) மிச்சக் காந்தம், அதாவது நிறுத்திய பிறகும் இரும்பில் தங்கும் சிறு காந்தம், உயிரோடு இருக்கிறது; ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் கறுத்திருக்கலாம், வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். போயிருக்கலாம். பிரஷ் இல்லாத சிறிய செட்களில் பெரும்பாலும் கெபாசிட்டர். முழுப் பூஜ்யம் என்றால், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் மிச்சக் காந்தம் மங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஏ.வி.ஆரைக் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல், 12 வோல்ட் பேட்டரியைப் பிரஷ் முனைகளில் சில வினாடி தொட்டால் திரும்பும். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் வீட்டிலேயே முடிகிற வேலை. இவ்வளவையும் பார்க்காமல் காயில் போய்விட்டது என்று சொல்லும் தீர்ப்பை ஏற்கக் கூடாது. எரிந்த காயிலுக்குக் கருகிய வார்னிஷ் வாடை இருக்கும்; மெக்கர் அதை உறுதி செய்யும். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால்கூட அது ஈரமாக இருக்கலாம், உலர்த்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மெக்கர் வைக்கும் முன் ஏ.வி.ஆரைக் கழற்ற மறந்தால், நன்றாக இருந்த ஏ.வி.ஆரும் அதோடு போகும்.

காயில் நிஜமாகவே கட்ட வேண்டியிருந்தால் மூன்று பேச்சை முன்பே பேசிவிடுங்கள்: செம்புக் கம்பிதான், பழைய கம்பியின் அதே கேஜ்தான், பிரித்தெடுத்த பழைய செம்பு உங்களுக்கா அல்லது கூலியில் கழிவா. அலுமினியக் கம்பி வைத்துக் கட்டிய செட் லைட்டுக்கு ஓடும். மோட்டாரைப் போட்டதும் சூடேறும். வார்னிஷ் காய ஒரு நாளாவது விட வேண்டும். “சாயங்காலம் தந்துருதேன்” என்றால் காயவிடவில்லை என்று பொருள்.

லோடு போட்டால் மட்டும் வோல்ட் இறங்கும் செட்டில் பலரும் ஏ.வி.ஆரை மாற்றுகிறார்கள். வேகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறிய பெட்ரோல் செட் 3000 சுற்று, பெரிய டீசல் செட் 1500 சுற்று. இரண்டும் 50 ஹெர்ட்ஸ். லோடு இல்லாமல் 52 காட்டி, முழு லோடில் 50-க்கு வந்தால் கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) சரி. 46, 47-க்கு விழுந்தால் ஃபில்டரும் கவர்னரும் மெக்கானிக் வேலை. சவூதியிலிருந்து வீட்டுச் சாமானோடு செட்டையும் அனுப்பியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்: அது 60 ஹெர்ட்ஸ், 3600 சுற்றுக்கு அமைத்தது. இங்கே கவர்னரைத் திருகி 3000-க்கு இறக்கித் தருகிறார்கள். வேகம் குறைய வோல்ட்டும் குறையும், அதைத் தூக்கிப் பிடிக்க ஏ.வி.ஆர். கூடுதல் கரண்டைத் தள்ளும், ரோட்டர் சூடாகும். அப்படி ஓட்டுவதானால் பாதி லோடுக்கு மேல் கூடாது.

எலக்ட்ரீஷியனின் உண்மையான வேலை சேஞ்ச் ஓவரில் இருக்கிறது. இரண்டு முனையிலும் பின் மாட்டிய ஒயரை ஏதாவது ஒரு சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மெயினை அணைக்க ஒருமுறை மறந்தால் அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் லைனுக்குப் போகும். புயல் மழைக்குப் பிறகு கம்பத்தில் இருப்பவர் ஈ.பி. லைன்மேன். அந்த ஒயரைச் செய்து தர ஒப்புக்கொள்ளும் ஆளை, கட்டணம் எவ்வளவு குறைவானாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு போல் (சேர்ந்து மாறும் ஒயர்களின் எண்ணிக்கை), மூன்று ஃபேஸுக்கு நான்கு போல் சேஞ்ச் ஓவர். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். 5 கே.வி.ஏ. செட் முழு லோடில் தருவது 21.7 ஆம்பியர், அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். செட் தோட்டத்து மூலையில் இருந்தால் 6. ஒரு ஹெச்.பி. மோட்டார் 746 வாட் என்று கணக்குப் போட்டு 1 கே.வி.ஏ. செட்டில் மாட்டக் கூடாது. கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை. செட்டின் பாடிக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனி எர்த் வேண்டும். நியூட்ரல் எர்த் ஆகாத செட்டில் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இருந்தும் இல்லாத மாதிரிதான்: கசியும் கரண்ட் செட்டுக்குத் திரும்ப வழியில்லாததால் அது விழாது. ஆற்றுப் பாசனத்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் மண் ஈரம் உதவும். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) இரண்டரை மீட்டர் குழாய் இறக்கினாலும் கோடையில் எர்த் செத்துவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அங்கே உப்புக் காற்றில் சாக்கெட்டும் டெர்மினலும் பச்சை பிடிப்பது வேறு.

மொட்டை மாடியில் ஆன்-கிரிட் (ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும்) சோலார் இருந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது அது அந்த லைனில் இருக்கவே கூடாது. செட்டின் கரண்டை ஈ.பி. கரண்ட் என்று நினைத்து இன்வெர்ட்டர் அதற்குள்ளேயே தள்ளப் பார்க்கும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது மூழ்கிய செட்கள் இன்னும் ‘நல்ல கண்டிஷன்’ என்று விலைக்கு வருகின்றன. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, ஆல்டர்னேட்டர் ஜாலிக்குள் வண்டல் இருந்தாலோ வாங்க வேண்டாம்.

ஆள் கிடைக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கோயில் கொடை விழாக்கள் வரிசையாக வரும். லைட் செட்டோடு வாடகை ஜெனரேட்டர் ஓட்டும் மெக்கானிக்குகள், டீசலில் இவர்களைவிடக் கைதேர்ந்தவர் குறைவு, இரவெல்லாம் கோயிலில் இருப்பார்கள். அப்போது கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தில்தான் வருவார்கள். பில்லில் வந்துபோன கூலி, சாமான், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனித்தனியாக இருக்கட்டும், மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள்.

திரும்பும் முன் பெட்ரோல் செட்டில் பெட்ரோல் வால்வை மூடி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, டேங்கை வடித்துவிட வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள். டீசல் செட்டை அப்படி விட வேண்டாம், ஈ.பி.யின் மாதாந்திர பராமரிப்பு மின்தடை நாளில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், பாதி லோடாவது போட்டு. வெறுமனே ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாக ஒழுகும். சேஞ்ச் ஓவர் பிடியின் எந்தப் பக்கம் ஈ.பி., எந்தப் பக்கம் ஜெனரேட்டர் என்று பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.