ஆன்கியும் ஒரு பாக்கெட் நோட்டும்: மூன்று வருட அனுபவம்

2023 பிப்ரவரி 8 காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வாடிக்கையாளர் பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரியை, அதாவது டிடிஎஸ் தொகையை, முந்தைய நாளே கட்டியிருக்க வேண்டும். ஜனவரியில் பிடித்த 42,000 ரூபாய். ஒரு நாள்தானே தாமதம் என்று தோன்றும். ஆனால் வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம், அதையும் பிடித்த மாதத்திலிருந்து எண்ணுவார்கள், ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் சேர்த்து 3 சதவீதம், 1,260 ரூபாய். என் பையிலிருந்து கொடுத்தேன்.

திருநெல்வேலியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவனுக்கு 7-ஆம் தேதி கெடு தெரியாமலா இருக்கும்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டிடிஎஸ் 7, ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1 11, 3பி 20. தெரிந்திருந்தது, அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு வியாதி என்பதும், ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது என்பதும் புரிய எனக்கு இன்னும் நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதத்தில் செய்த கூத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் போனில் பதினொரு அலாரம் வைத்தேன். மூன்றாவது வாரம், கண் படிக்கும் முன்பே விரல் அதைத் தள்ளிவிடப் பழகியிருந்தது. அடுத்து ஒரு குறிப்புச் செயலி. அதில் அட்டவணைக்கு நிறம் கொடுப்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. அட்டவணை அழகாக இருந்தது, வேலைதான் நடக்கவில்லை. வாடிக்கையாளர்களோ எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "அனுப்பிட்டேன் சார்" என்று ஒதுங்கிவிடுவார்கள். கல்யாண வீடியோவுக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் அந்த பில் கிடக்கும்.

அம்மாவிடம் புலம்பினேன். அம்மா பாளையங்கோட்டையில் இருபது பேரை வைத்துச் சீட்டு நடத்துகிறவள். யார் கட்டினார், யார் பாக்கி எல்லாமே வாயில்தான், ஒரு தாள் கிடையாது. "எலே, எனக்கு இருபது பேருதான். நான் ஒரே வேலையத்தான் பாக்கேன். ஒனக்கு ஊர்ப்பட்ட பேரு" என்றாள். அதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு நியாயமாகப் பேசியதில்லை.

2023 ஜூனில் வேலையை இரண்டாகப் பிரித்தேன். செய்ய வேண்டியவை எல்லாம் காகிதத்துக்கு. தெரிந்திருக்க வேண்டியவை மட்டும் மண்டைக்கு.

காகிதம் என்றால் சட்டைப் பையில் நுழைகிற சாதாரண நோட்டு. மூன்று வருடத்தில் ஒன்பதாவது நோட்டில் இருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாலு வேலை. நாலு என்பது ராசி எண் இல்லை. மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய நாலு விஷயம்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் எழுதினார். நான் ஐந்தாவதை எழுதிய நாட்களில் ஐந்தாவது நடந்ததே இல்லை. முடிக்காத வேலையை மறுநாள் பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டும், இதுதான் முக்கியம். மூன்றாவது தடவை எழுதும்போது வெட்கம் வந்துவிடும். ஒன்று அன்றைக்கே செய்வேன், இல்லை அடித்துவிடுவேன். இந்த வெட்கத்தை எந்தச் செயலியும் எனக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று, வேலையை நேரத்தோடு எழுதாமல் ஒரு நிகழ்வோடு கட்டி எழுதுகிறேன். "11 மணிக்கு செலான்" என்று எழுதினால் 11 மணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. "டீ குடித்து வந்ததும் செலான்" என்றால் டீ ஞாபகப்படுத்திவிடும். டீயை நான் மறந்ததில்லை.

மண்டைக்கான வேலைக்கு ஆன்கி என்ற செயலி. ஜப்பானிய மொழி படிப்பதற்காக டேமியன் எல்ம்ஸ் என்பவர் எழுதி 2006-இல் வெளியிட்டது; ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும், அடுத்து சில வாரம், அப்புறம் சில மாதம். தப்பாகச் சொன்னால் உடனே திரும்பி வரும்.

திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நிலைக்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள்; இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது ஆட்டம் மாறியிருந்தது. பரீட்சைக்கு முந்தைய இரவு படித்தே பட்டம் வாங்கியவன் நான், எனவே எனக்கு இது உறைத்தது.

நான் போட்டவை டிடிஎஸ் பிரிவுகள், வரம்புகள், அடிக்கடி வரும் பொருட்களின் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டியில் பொருளை வகைப்படுத்தும் எண்), வரி விகிதம். "194சி, தனிநபருக்கு?" "1 சதவீதம்." (194சி என்பது ஒப்பந்த வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கும் பிரிவு.) ஓர் அட்டை இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பிரிவு முழுவதையும் ஒரே அட்டையில் அடைத்தேன். அவை எல்லாம் தோற்றுப்போயின. காலையில் பன்னிரண்டு நிமிடம், சராசரியாக அறுபது அட்டை. முதல் ஆறு மாதம் பலன் ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்புறம் ஒருநாள் போனில் கேட்ட கேள்விக்கு, "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லாமலே பதில் சொல்லியிருந்தேன்.

குறைகள் நிறைய உண்டு. 2024 செப்டம்பரில் தணிக்கை நெரிசலில் மூன்று வாரம் திறக்கவே இல்லை. திறந்தபோது 640 அட்டை காத்திருந்தது. வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி ஒரு பாரம். புது அட்டைகளை நிறுத்தி, நாளுக்கு எண்பது என்று வைத்து அடைத்தேன். ஆன்கியின் அமைப்பில், எந்த அட்டை எப்போது மறக்கும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் முறையைப் போட்டு, 90 சதவீதம் ஞாபகம் வேண்டும் என்றிருந்ததை 85 ஆக இறக்கினேன். தினசரி பாரம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

வீட்டு வாசலிலிருந்து அடுக்களைவரை மனசுக்குள் நடந்து, வழியில் பொருட்களை வைத்து நினைவில் கொள்ளும் பழைய வித்தையையும் முயன்றேன். சந்தைக்குப் போகத் திண்ணையில் தேங்காய், திருகையில் கத்தரிக்காய். நன்றாகவே வேலை செய்தது, அதுதான் சிக்கல். அடுத்த வாரமும் அந்தத் தேங்காய் திண்ணையை விட்டு இறங்கவில்லை. வாங்கி வந்தேன். "என்னங்க, தேங்காய்க் கடை வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. சந்தைக்குத் துண்டுச் சீட்டு போதும். ஸ்கூட்டர் சாவிக்கு ஆன்கியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், கதவருகே ஓர் ஆணி போதும்.

ஆன்கி சரியாகச் சொல்லிக்கொடுக்கும், ஆனால் எது சரி என்று அதற்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சிமென்ட் 28-இலிருந்து 18, நெய் 12-இலிருந்து 5. இரண்டு வருடம் உருப்போட்ட எண்கள் ஒரே நாளில் தப்பாகிப்போயின. அட்டையைத் திருத்தப் பத்து நிமிடம்தான் ஆனது, வாயைத் திருத்த இரண்டு மாதம். "சிமென்ட்" என்றாலே 28 என்று வந்து நின்றது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். 194சி, 194ஜே போன்ற டிடிஎஸ் பிரிவுகள் எல்லாம் இப்போது 393-ஆம் பிரிவுக்குள் போய்விட்டன. புது அட்டைகள் போட்டுக்கொண்டிருக்கிறேன், நாளுக்கு ஐந்து. பழைய அட்டைகளை அழிக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். பழைய வருடங்களுக்கு நோட்டீஸ் வந்தால் அந்த எண்கள்தான் வேண்டும்.