லிங்கனைத் தேடிப் போவதா, பூத்தைத் துரத்திப் போவதா?

லிங்கன் கொலை தொடர்பான இடங்களைப் பார்க்க வாஷிங்டன் போகிறவர்கள் பெரும்பாலும் அவர் சுடப்பட்ட ஃபோர்ட்ஸ் தியேட்டரோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு முழு நாள் கையில் இருந்தால், தியேட்டரைக் காலையிலேயே முடித்துவிட்டு, அவரைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் குதிரையில் தப்பிய வழியில் கிளம்புவதுதான் மேல்.

தியேட்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. 1865 ஏப்ரல் 14 இரவு பூத் சுட்ட டெரிஞ்சர் துப்பாக்கி அடித்தள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே குண்டு போடக்கூடியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதை வைத்தா என்று கேட்கத் தோன்றும். எதிரே பீட்டர்சன் வீடு. நெடிய மனிதரான லிங்கனைக் கட்டிலில் குறுக்காகத்தான் கிடத்த முடிந்தது. மறுநாள் காலை 7.22க்கு அங்கேயே உயிர் பிரிந்தது. கட்டில் இப்போது சிகாகோவில்.

ஆனால், லிங்கன் உட்கார்ந்திருந்த இடம் என்று தியேட்டரில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் மாடம் அன்றைய மாடம் அல்ல. அரசு அலுவலகமாக மாறியிருந்த கட்டடத்தின் உட்புறம் 1893இல் இடிந்து 22 பேர் இறந்தார்கள். (பூத்தின் அண்ணன், பெரிய நடிகர் எட்வினுக்கு இறுதிச்சடங்கு நடந்ததும் அதே நாள்தான்.) இப்போதிருக்கும் அரங்கம் 1968இல் திறக்கப்பட்ட மறுஆக்கம். இன்றும் நாடகம் நடப்பதால், ஒத்திகை நேரத்தில் உள்ளே விடாமலும் போகலாம். நுழைவுச்சீட்டிலும் நேரம் குறித்திருப்பார்கள்.

தப்பிய வழியில் பெரும்பாலும் இந்தக் குறை இல்லை. நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், மேரிலாந்தின் கிளின்டனில், சதிக்கு உடந்தை என்று குற்றம்சாட்டப்பட்ட மேரி சர்ராட்டின் சத்திரம் அப்படியே நிற்கிறது. சுவருக்குள் துப்பாக்கிகளை ஒளித்துவைத்த இடத்தை வழிகாட்டிகள் காட்டுவார்கள். நள்ளிரவில் அங்கே வந்த பூத்தும் கூட்டாளி ஹெரால்டும் விஸ்கி குடித்துவிட்டு, ஒரு துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கால் முறிந்திருந்த பூத் இன்னொன்றைச் சுமக்கும் நிலையில் இல்லை. அடுத்தது டாக்டர் மட் வீடு. காலுக்குக் கட்டுப்போட்ட மட்டுக்கு ஆயுள் தண்டனை, 1869இல் மன்னிப்பு. மேரிக்குத் தூக்கு. சதி பற்றி இருவருக்கும் எவ்வளவு தெரிந்திருந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வீட்டின் கூடத்திலேயே நின்று அதைக் கேட்கும்போது, தியேட்டரில் கிடைக்காத ஒன்று புரிகிறது: 12 நாள் ஒருவன் பிடிபடாமல் இருக்க எத்தனை பேர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்பது.

சர்ராட் சங்கம் பல ஆண்டுகளாக நடத்திவந்த பேருந்துச் சுற்றுலாதான் இந்த வழிக்குப் பெயர்போனது. நாள் முழுக்க உட்கார வேண்டும், குழந்தைகளோடு வேண்டாம். சொந்தமாகக் கார் ஓட்டிப் போகலாம், வழிநெடுக விளக்கப் பலகைகள் உண்டு. ஆனால் பலகை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. பூத் சுடப்பட்ட வர்ஜீனியா காரெட் பண்ணையில் வீடும் இல்லை, கொட்டகையும் இல்லை. இரட்டை நெடுஞ்சாலையின் நடுவே மரங்கள்தான். நேரம் போதாவிட்டால் முதலில் அதைத்தான் கழிப்பேன்.

கிளம்புமுன் ஒன்று. சத்திரமும் மட் வீடும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. அந்த இரண்டின் நாளைப் பார்த்து முடிவுசெய்த பிறகு தியேட்டருக்குச் சீட்டு எடுங்கள்.