தேக்குத் தடி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பில்லில் 9.18 கன அடி, கையில் 3.16

மார்த்தாண்டம் பக்கத்து மில் ஒன்றில் வாங்கிய தடி இது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையில் யாரோ ஒருவர் விளையில் (தோட்டத்தில்) நின்ற தேக்கு. நீளம் 10 அடி, பேசிய விலை கன அடிக்கு 3,000 ரூபாய். பில்லில் 9.18 கன அடி, அதாவது 27,540 ரூபாய். அறுத்துக் கையில் வந்தது 7 பலகை, உண்மை அளவில் 3.16 கன அடி.

முழுக்கத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. உருண்டை மரத்தைச் சதுரப் பலகையாக்கினால் பாதிக்குப் பாதி போகத்தான் செய்யும். அந்த நியாயமான சேதாரத்துக்குப் பின்னால் மற்றதை ஒளித்துவைப்பதுதான் சாமர்த்தியம்.

முதல் ஏமாற்று டேப்பில். தடிக்குக் கால் சுற்றளவுக் கணக்கு: சுற்றளவை (மில்லில் ‘வண்ணம்’ என்பார்கள்) அங்குலத்தில் எடுத்து 4-ஆல் வகுக்கணும், வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுக்கணும். சுற்றளவு எடுக்க வேண்டிய இடம் தடியின் நடு. இங்கே எடுத்தது அடிமுனையில், வேர்ப்பக்கம் விரிகிற இடத்தில்: 46 அங்குலம். 11.5 × 11.5 × 10 ÷ 144 = 9.18. பணம் கட்டிய பிறகு, வாளில் ஏற்றும் முன் நடுவில் டேப்பைச் சுற்றினால் 40 அங்குலம்தான். கணக்கு 6.94 ஆகிவிடும்.

அதுவும் பட்டையோடு. பட்டை அரை அங்குலக் கனம் இருந்தால் சுற்றளவில் 3.14 அங்குலம் கூடும். பட்டையைக் கழித்தால் 36.86, கன அடி 5.90. ஒரே தடிக்கு 17,700 ரூபாய் பில்லும் போடலாம், 27,540-ம் போடலாம். விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம். கொத்துக்கத்தியால் நடுவில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் செதுக்கிவிட்டு அங்கே டேப்பை இறுக்கிப் பிடிங்க. டேப் 1 அங்குலம் தொய்ந்தாலே இந்தத் தடிக்கு 0.32 கன அடி, கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். பட்டையோடுதான் அளப்போம் என்று சில மில்லில் அடம்பிடிப்பார்கள். அப்படியானால் சுற்றளவில் 3 அங்குலம் கழிவு பேசிக்கொள்ளணும், அல்லது விலையில் குறைக்கணும்.

கூடவே இன்னொன்று. கால் சுற்றளவுக் கணக்கு உண்மைக் கன அளவை விடச் சுமார் 21 சதவீதம் குறைவாகவே காட்டும். சந்தை விலையும் அதை வைத்துப் பேசுவதுதான். சில இடங்களில் செல்போன் ஆப்பில் ‘கம்ப்யூட்டர் கணக்கு’ போட்டுக் காட்டுவார்கள். அது உருண்டைக் கணக்கு. 5.90 அங்கே 7.51 ஆகிவிடும், விலை மட்டும் கால் சுற்றளவு விலையே. எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டு, பில்லின் பின்பக்கம் சுற்றளவும் நீளமும் எழுதி வாங்குங்க.

அடுத்தது வாள். ‘ஒரு இஞ்ச் பலகை’ என்று சொன்னதற்கு வந்தது 22 மில்லிமீட்டர். அகலம் சராசரி 7.5 அங்குலம், ஒரு அங்குலக் கனமென்று கணக்கிட்டால் 7 பலகையும் சேர்ந்து 3.65 கன அடி, 22 மில்லி என்றால் 3.16. பலகைக்கு 3.4 மில்லி, 7 பலகைக்கு 24 மில்லி: கிட்டத்தட்ட ஒரு முழுப் பலகை. அது எங்கே போச்சு? புறப்பலகையில் (தடியின் உருண்ட வெளிப்பக்கத்தில் சீவி எடுக்கும் துண்டில்). ‘புறப்பலகை மில்லுக்கு’ என்பது இங்கே எழுதாத வழக்கம். புறப்பலகை எவ்வளவு தடிமனோ அவ்வளவு லாபம் அவர்களுக்கு. புறப்பலகையும் தூளும் யாருக்கு என்பதை அறுவைக் கூலி பேசும்போதே பேசிடணும்.

மேஜை, அலமாரிக்கு இழைத்து முடித்து 20 மில்லி வேண்டுமென்றால் பச்சையாக அறுக்கும்போது 27, 28 மில்லி இருக்கணும். உலரும்போது சுருங்கும், கொஞ்சம் கோணும், இரண்டு பக்கமும் இழைப்புளி தின்னும். 22-இல் அறுத்த பலகை கோணினால் 16-க்கு மேல் தேறாது. ‘ஒரு இஞ்ச்’ என்று சொல்லாதீங்க, மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்க. முதல் பலகை வெளியே வந்ததும் வெர்னியரால் இரண்டு முனையும் நடுவும் அளந்துவிட்டு அடுத்ததை ஏற்றச் சொல்லுங்க. பேண்ட் சாவில் வாள் தின்பது 2, 3 மில்லி. வட்டவாள் என்றால் 5, 6 ஆகிவிடும்.

தடியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. தடியின் இரண்டு வெட்டுமுகத்திலும் பெயிண்டால் குறி போட்டு, டேப் தெரிய போட்டோ எடுத்து வைங்க. வளைய அமைப்பு ஒரு மரத்துக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. மாற்றினால் போட்டோ காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ‘உணங்கினது’ (காய்ந்தது) என்ற வார்த்தை. “ஆறு மாசமா கிடக்குத தடி, நல்லா உணங்கியாச்சு அண்ணே, நேரா பட்டறைக்குக் கொண்டுபோலாம்.” ஈரமானியைத் தடியின் முகத்தில் குத்திக் காட்டினார்கள், 15 சதவீதம். முகம் காய்வது இயல்பு. ஈரம் நரம்பு (மரத்தின் நீளவாட்டில் ஓடும் இழை) வழியாக வெளியேறும் வேகம் குறுக்கே வெளியேறுவதைப் போலப் பல மடங்கு. தடியாகக் கிடக்கும் மரம் உள்ளே உலர்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பலகையை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தில் உடனே குத்தினால் 30-க்கு மேல் ஓடியது. 30-க்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கமே தொடங்கும். அந்தப் பலகையில் செய்த மேஜை உங்கள் வீட்டில்தான் கோணும்.

மானியை நம்பாவிட்டால் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி 1 அங்குல நீளத் துண்டு வெட்டி எடை போட்டு, மின் அடுப்பில் (ஓவன்) 103 டிகிரி செல்சியஸில் எடை இறங்காமல் நிற்கும்வரை வைங்க. ஈர எடை 130 கிராம், காய்ந்தது 100 கிராம் என்றால் ஈரம் 30 சதவீதம். (தேய்பிறையில் வெட்டிய மரம் என்றும் ஒரு வாக்குறுதி வந்தது. அந்த வாக்குறுதியையும் மேலே சொன்னபடி துண்டு வெட்டி எடை போட்டுத்தான் பார்க்கணும்.)

மரத்தை மாற்றிக் கொடுப்பது தடியில் குறைவு, அறுத்த பலகையில் அதிகம். வெள்ளைப் பகுதியில் கழிவு எண்ணெய் தேய்த்து வைரம் (உள்ளே இருக்கும் கெட்டியான கருமரம்) போலக் காட்டுவார்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் துணியில் வந்துவிடும். பலகை முனையைப் புது பிளேடால் சீவி, நனைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்க: தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், மகோகனியில் துளைகள் எங்கும் பரவியிருக்கும். பெரிய தொகை என்றால் திருச்சூர் பக்கம் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் துண்டைக் கொடுத்து மர இனம் கேட்கலாம். ‘நிலம்பூர் தேக்கு’ என்றால் வனத்துறை டிப்போ சீட்டும் தடியில் சுத்தியல் முத்திரையும் கேளுங்க. இல்லையென்றால் அது பெயர் மட்டும்தான்.

ரப்பர் பலகை மலிவு என்று வாங்குகிறவர்களுக்கு: அறுத்த ஓரிரு நாளிலேயே மருந்து ஏறாவிட்டால் நீலம் (பூஞ்சைக் கறை) பாயும், பின்னால் வண்டு துளைத்து மாவு கொட்டும். ‘மருந்து அடிச்சது’ என்பார்கள், மேலே தெளித்தது எதற்கும் உதவாது. பச்சைப் பலகையாக வாங்கி, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் நீங்களே முக்கி, பாலித்தீனில் பொதிந்து இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டு அப்புறம் காயவைங்க. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளணும்.

பேப்பர் விஷயம். எல்லை தாண்டி வரும் தேக்குத் தடிக்கு வனத்துறைப் பாஸ் அசல் வண்டியில் இருக்கணும். இல்லாவிட்டால் எல்லையில் உள்ள களியக்காவிளையில் நிற்கப்போவது உங்கள் தடியும் வண்டியும். பாஸிலும் தடியின் அளவு எழுதியிருக்கும். அதையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அளவு ஒத்துவராவிட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பில் இல்லாமல் ‘ஜிஎஸ்டி மிச்சம்’ என்று வாங்கியிருந்தால் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் கேரளத்தில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, குமரி மாவட்டத்துக்காரர் என்றால் நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். காலம் 2 வருஷம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியது என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்க. இந்தத் தடிக்கு மில்காரர் தர ஒப்புக்கொண்டது 22 மில்லிக்கான குறை மட்டும். அடிமுனை டேப்புக்கு, “இங்க எல்லாரும் அப்படித்தான் அளக்காவ” என்றார்.