காற்று மாசும் மரணமும்: தினசரிக் கணக்கா, நெடுங்காலக் கணக்கா?

காற்றில் துகள்கள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் எவ்வளவு கூடும்? அமெரிக்காவிலேயே ஒரு பெரிய ஆய்வு 0.21 சதவீதம் என்றது, இன்னொன்று சுமார் 4 சதவீதம் என்றது. முதலாவது அளந்தது பி.எம். 10, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்கள்; இரண்டாவது அதைவிட நுண்ணிய பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமில்லை. இரண்டும் கேட்ட கேள்வியே வேறு.

முதலாவது காலத்தொடர் ஆய்வு. ஒரு நகரத்தில் தினமும் எத்தனை பேர் இறந்தார்கள், அன்றும் முந்தைய நாளும் காற்றில் எவ்வளவு தூசு என்று வரிசையாக வைத்துப் பார்ப்பது. நகரத்தை அதே நகரத்தோடு ஒப்பிடுவதுதான் இதன் பலம். புகைப்பழக்கமும் வருமானமும் செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் மாறிவிடாது, அதனால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. மாறுவது வெயில், குளிர், ஃப்ளூ சீசன். அவற்றைக் கழிக்க, பருவத்தோடு மரணம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு வளைகோட்டைப் பொருத்த வேண்டும். சிக்கலே அங்கேதான். கோடு ரொம்ப விறைப்பாக இருந்தால் குளிர்கால மரணங்கள் மாசின் தலையில் விழும். ரொம்ப நெளிந்தால் மாசின் பாதிப்பையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த 0.21, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 90 நகரங்களை வைத்துச் செய்த ஆய்வின் எண். முதலில் வந்தது 0.41. பிரான்செஸ்கா டொமினிசி உள்ளிட்ட அதே குழுவினர் 2002இல் கவனித்தது இது: எஸ்-பிளஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, விடை ஓரிடத்தில் நிலைப்பதற்கு முன்பே நிறுத்திக்கொண்டிருந்தது. எப்போது நிறுத்துவது என்ற அளவு மென்பொருளோடு வந்தபடியே விடப்பட்டிருந்தது. அதை இறுக்கியதும் 0.27, மாடலையே மாற்றியதும் 0.21. தரவு அதேதான். பாதிப்பு மறைந்துவிடவில்லை, அளவு பாதியானது. தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே வெளியிட்டார்கள், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இறந்தவரின் மரண நாளை அதே மாதத்தின் மற்ற நாட்களோடு ஒப்பிடும் கேஸ்-கிராஸ்ஓவர் முறையை மூன்றாவது போட்டியாளராகச் சொல்வதுண்டு. கணிதப்படி அது காலத்தொடருக்கு மிக நெருங்கிய உறவு. தனி இடம் கொடுக்கத் தேவையில்லை.

உண்மையான மாற்று, கோஹார்ட் ஆய்வு. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்வது. 1993இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. புகைப்பழக்கம், எடை, கல்வி எல்லாவற்றையும் கழித்த பிறகும், மாசு மிகுந்த ஸ்டூபன்வில்லில் மரண விகிதம் தூய்மையான போர்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். பலவீனமும் கண்ணெதிரே தெரிகிறது: இருப்பதே ஆறு நகரங்கள்தான், அவற்றுக்கிடையே மாசு மட்டுமா வேறுபடும்? தரவைக் காட்டுங்கள் என்று தொழில்துறை நெருக்கியது. சுதந்திரமான ஒரு குழு மூலத் தரவையே வாங்கி மறுபடி கணக்குப் போட்டது. 2000இல் வந்த முடிவு முதல் ஆய்வை உறுதிசெய்தது. கூடவே, குறைவாகப் படித்தவர்களிடம் பாதிப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. மேலே சொன்ன 4 சதவீதம், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் சுமார் 5 லட்சம் பேர் கொண்ட கோஹார்ட்டிலிருந்து வந்தது.

சரி, எதை எடுப்பது? நாளை பள்ளிக்கு விடுமுறை விடலாமா, மருத்துவமனைகளை உஷார்படுத்தலாமா என்றால் காலத்தொடர் போதும். காற்றில் மாசின் ஆண்டுச் சராசரி எவ்வளவு வரை இருக்கலாம் என்ற ஆண்டு வரம்பை எங்கே வைப்பது என்றால் கோஹார்ட்தான். தினசரிக் கணக்கு, ஏற்கெனவே நலிந்தவரின் மரணம் சில நாட்கள் முந்தியதா, ஆரோக்கியமானவரின் ஆயுளில் பத்தாண்டு போனதா என்று பிரித்துச் சொல்லாது. பல ஆண்டுகளாக ரத்தக்குழாயில் சேரும் கெடுதி அதில் பிடிபடுவதே இல்லை. அதனால் 0.21ஐக் காட்டி 'மாசு பெரிய விஷயமில்லை' என்று வாதிடுபவர்கள் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள்.

ஸ்டூபன்வில்லின் சராசரி பி.எம். 2.5 அளவு 29.6 மைக்ரோகிராம். இந்தியாவின் இன்றைய ஆண்டு வரம்பு 40. அந்த ஆய்வில் மிக மோசமாக இருந்த ஊரே நம் விதிப்படி தேறிவிடும்!

அமெரிக்கக் காற்றின் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்டால், நம் ஆட்களையே பின்தொடர்வதுதான் பதில். சென்னையில் செய்த காலத்தொடர் ஆய்வு, பி.எம். 10 அளவு 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் 0.4 சதவீதம் கூடும் என்று காட்டியது. அப்புறம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகக் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தபோது, பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. பெரியவர்களின் மரணத்துக்கும் இப்படி நீண்ட ஆய்வுகள் இங்கே இன்னும் நிறைய வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்க அரசு முன்வர வேண்டும்.