பிட்டுக்கு மண் சுமந்தவரும் பெத்லகேமில் பிறந்தவரும்

ஆவணி மூலத் திருவிழாவுக்கு மதுரைப் புட்டுத்தோப்புப் பக்கம் போனால் இந்தக் கேள்வி தானாக வரும். கடவுள் கூலியாளாக வந்து பிரம்படி வாங்கியதும், கடவுள் இயேசு என்ற மனிதராகி அடிபட்டார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதும் ஒன்றுதானே?

பாதி ஒன்று. பிட்டு விற்கும் வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுதான் கூலி. அதற்கு, வெள்ளத்தில் உடைந்த வைகைக் கரையை அடைக்க அவள் பங்கு மண்ணைச் சுமக்க வருகிறார் சிவன். வேலை செய்யவில்லை என்று பாண்டியன் அடித்த அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது. பைபிளில் தலைகீழ்: எல்லாருக்கும் விழவேண்டியதை ஒருவர் வாங்கிக்கொள்கிறார்.

அப்புறம், மதுரையில் கூலிவேடம் ஒரு நாளைக்குத்தான். ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்துவிடுகிறார், பெயரே திருவிளையாடல். இயேசு கருவாகி, பிறந்து, தச்சராக உழைத்து, பசித்து, அழுது, நிஜமாகவே சாகிறார். உயிர்த்த பிறகும் உடம்பைக் கழற்றவில்லை, தழும்போடு வருகிறார். மனிதர்போலத் தோன்ற மட்டுமே செய்தார் என்றவர்களைத் திருச்சபை ஏற்கவில்லை. முழுக் கடவுள், முழு மனிதர், ஆனால் ஒருவரே என்று 451இல் கால்செதோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் முடிவாகச் சொன்னது.

ராமனும் கண்ணனும் பிறந்து வாழ்ந்தவர்களாச்சே என்பீர்கள். சரி, ஆனால் அவதாரம் பலமுறை, இயேசு மனிதரானது ஒரேமுறை. அதனால் இதற்கு ‘அவதாரம்’ என்ற சொல் எனக்கு இடறுகிறது. பழைய பைபிள் தமிழின் ‘மாம்சமாகி’ (சதையாகி) என்பதுதான் கனமாக இருக்கிறது.