பழைய வண்டியில் கூடுதல் விளக்கு மாட்டப் போகிறவர்களுக்கு: வயரை வெட்ட விடுவதற்கு முன் காலிக் கப்ளரைத் தேடுங்கள்

இராமநாதபுரம் நகரில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் சென்ற ஐப்பசியில் நான் 3,400 ரூபாய் கொடுத்து ஏமாந்ததையும், அதன் விளைவாகப் பாம்பன் பாலத்தின் நடுவே இருட்டில் நின்றதையும் இங்கே எழுதுகிறேன். புகார் இன்னும் முடிவுக்கு வராததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. கப்ளர் என்பது வயர்முனைகளை ஒன்றோடொன்று செருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூடு; கூடுதல் பொருள் மாட்டுவதற்காகக் கம்பெனியே எதையும் செருகாமல் விட்டுவைப்பதைத்தான் காலிக் கப்ளர் என்கிறேன்.

என்னுடையது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் 250 சிசி வண்டி. வாங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. உச்சிப்புளியிலிருந்து பாம்பனுக்கு, வந்திறங்கும் மீனின் தரம் பார்க்கும் வேலைக்காக, விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியவன் நான். மழைக்காலம் தொடங்கும் முன் இரண்டு கூடுதல் விளக்குகளும் கைப்பேசிக்கு ஒரு சார்ஜரும் மாட்டிக்கொள்ளலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். "கம்பெனியே விட்ட கப்ளர் ஏதும் இருக்குமா தம்பி?" என்று நான் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பழைய வண்டியில அப்படியெல்லாம் எதுவும் வராதுண்ணே, மெயின்லேர்ந்துதான் எடுக்கணும்" என்று, சீட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், பதில் வந்தது. மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது விளக்கு, சார்ஜர், "ரிலே கிட்" (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் தானியங்கி ஸ்விட்ச்), கூலி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். முறையான ரசீது கேட்காதது என் தவறு.

விளக்குகள் நன்றாகவே எரிந்தன. இரண்டு வாரம் கழித்து, வண்டியை மூன்று நாள் எடுக்காமல் வைத்திருந்தால் நான்காம் நாள் காலையில் செல்ஃப் இழுக்கத் திணறியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு நாள், காற்று வலுத்திருந்த அதிகாலையில், பாலத்தின் நடுப்பகுதியை நெருங்கும்போது கூடுதல் விளக்கு, ஹெட்லைட், மீட்டர், இஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. பின்னால் வரும் லாரிக்கு நான் இருப்பதே தெரியாது. மீன் பெட்டிகளோடு வந்த ஒரு குட்டியானைக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடக்கும்வரை என் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அப்போது தோன்றவில்லை.

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் வேலை செய்யும் என் மச்சானிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஹெட்லைட்டைக் கழற்றியதும், பின்னால் சாவி இணைப்பிலிருந்து வரும் கறுப்பு வயரில் கட்டைவிரல் தடிமனுக்குச் சுற்றிய டேப் இருந்தது. கடைக்காரர் அந்த வயரை வெட்டி, விளக்குக்கான வயரையும் சேர்த்து, மூன்று முனைகளையும் வெறும் கையால் முறுக்கிவிட்டு டேப் சுற்றியிருக்கிறார். டேப்பின் பசை உருகி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தன. அதற்கு அப்பால் நான்கு விரற்கடை தூரத்துக்கு வயரின் மேலுறை சூட்டில் குழைந்திருந்தது. "உப்புக் காத்துல முறுக்கி டேப்பு சுத்துனா எத்தனை நாளைக்கு மாப்ளே தாங்கும்?" என்றார் மச்சான்.

அதைவிட மோசமானது ஃபியூஸ் பெட்டியில் இருந்தது. மூடியில் 10 ஆம்பியர் என்று அச்சிட்ட இடத்தில் சிவப்பு ஃபியூஸ் இருக்க வேண்டும். அங்கே மஞ்சள் நிறத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ் செருகப்பட்டிருந்தது. காரணம் எளிய கணக்குதான். அவர்கள் மாட்டிய 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் அவை மட்டுமே ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே ஃபியூஸில் வண்டியின் மற்ற வேலைகளும் இருப்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கும். அதன் காரணத்தைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸைப் போட்டு, ஃபியூஸ் உருக வேண்டிய இடத்தில் வயரை உருக வைத்திருக்கிறார்கள். பணம் வாங்கிய ரிலே வண்டியில் எங்கு தேடியும் இல்லை. சார்ஜரையோ நேரே பேட்டரியில் இணைத்திருந்தார்கள். வோல்ட் காட்டும் அதன் சின்னத் திரை வண்டி நிற்கும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. செல்ஃப் திணறிய காரணம் அப்போதுதான் விளங்கியது.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டிய செய்தி. வெட்டப்பட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டு, தூசு மூடி கழற்றப்படாமல், இரண்டு பின் உள்ள ஒரு காலிக் கப்ளர் இருந்தது. அதாவது நான் கேட்டது அங்கேயே இருந்தது.

ஆனால் காலியாகத் தொங்கும் கப்ளர் எல்லாம் மின்சாரம் எடுப்பதற்கானவை அல்ல. ஒரே வயர்க்கட்டைப் பல மாடல்களுக்கும் பல நாடுகளுக்கும் நிறுவனங்கள் பயன்படுத்துவதால், உங்கள் வண்டியில் இல்லாத ஒரு ஸ்விட்சுக்கோ அலாரத்துக்கோ உரிய முனையாகவும் அது இருக்கலாம். இஞ்செக்‌ஷன் வண்டிகளில் சீட்டுக்கு அடியில் மூடியோடு இருப்பது பெரும்பாலும் பழுது பார்ப்பதற்கான கப்ளர். அதில் எதையும் செருகக் கூடாது. வயர் நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஹோண்டாவில் பச்சை எர்த் (பேட்டரியின் நெகட்டிவோடு சேரும் வயர்), கறுப்பு சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். யமஹாவிலோ கறுப்புதான் எர்த். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றில் காட்டினால் நேரே ஷார்ட் ஆகும்.

மச்சான் சோதித்த முறை இதுதான். மல்டிமீட்டர் என்னும் மின் அளவுக் கருவியை டிசி (பேட்டரி தரும் வகை மின்சாரம்) 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் தொட்டுக்கொண்டு, சிவப்பு முனையால் கப்ளரின் ஒவ்வொரு பின்னையும் பார்த்தார். சாவி போடாதபோது ஒரு பின்னில் பூஜ்யம், போட்டதும் பேட்டரி அளவுக்குச் சற்றுக் குறைவாக 12.3, மறுபடி அணைத்ததும் பூஜ்யம். ஆகவே அது சாவியோடு இயங்கும் முனை. மற்றொரு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் பீப் ஒலி எழுப்பியது, அது எர்த். இதோடு அவர் நிறுத்தவில்லை. களிம்பேறிய வயர்கூட மீட்டரில் முழு வோல்ட் காட்டும், பளு ஏறும்போதுதான் அதன் பலவீனம் தெரியும் என்பதால், 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதில் எரியவிட்டு மறுபடியும் அளந்தார். அளவு பெரிதாக இறங்கவில்லை. மீட்டர் முனையைக் கப்ளருக்குள் அழுத்திச் செருகினால் உள்ளே உள்ள பின் விரிந்து பிடிப்பு போய்விடும் என்பதால் மெல்லிய ஊசியைத்தான் பயன்படுத்தினார்.

நூறு சிசி அளவிலான பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. இஞ்சின் ஓடும்போது அதிலுள்ள கம்பிச்சுருள் (காயில்) தரும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் வெளிச்சம் கூடுவது அதனால்தான். அந்த வயரில் யாராவது, டிசியில் இயங்க வேண்டிய கைப்பேசி சார்ஜரை இணைத்துத் தருகிறேன் என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்த கப்ளரின் வயர் மெல்லியது; 110 வாட்டை அது தாங்காது. ஆகவே சார்ஜரை மட்டும் அதில் நேரே கொடுத்தோம். விளக்குகளுக்கு உண்மையான ரிலே ஒன்றை வாங்கி, அதன் முனைகளில் உள்ள எண்களின்படி, 86-ஆம் முனைக்கு அதே கப்ளரிலிருந்து சமிக்ஞை எடுத்து, 85-ஐ எர்த்தில் கொடுத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக 30-க்கு வயர் இழுத்து, 87-லிருந்து விளக்குக்குக் கொண்டுபோனோம். ஹாலஜனை எடுத்துவிட்டுச் சிறிய எல்இடி விளக்குகள் போட்டுவிட்டதால் இப்போது பளுவும் குறைவு. பொருத்தமான எதிர்க் கப்ளர் வயரிங் சாமான் கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைத்தது. மூடும் முன் பின்களில் சிலிக்கான் கிரீஸ் தடவினார் மச்சான். படகு வேலையில் இதைத் தவறவே விடமாட்டாராம்.

கடைக்குப் போய் உருகிய வயரைக் காட்டியபோது, "இத்துப்போன வண்டிக்கு நாங்க என்னண்ணே பண்றது" என்றார்கள். ரிலே எங்கே என்று கேட்டதற்கு, இன்னொரு வண்டிக்குப் போட்டது சீட்டில் மாறி வந்திருக்கும் என்று பதில். பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. என் கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு, வெட்டியெடுத்த கறுப்பு வயர், மஞ்சள் ஃபியூஸ் ஆகிய மூன்றும்தான். மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அதே கடையில் வேலை கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், ஹெட்லைட்டைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.