வாட்ஸ்அப்பில் பெயர் கெட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்த அக்கா மகன், அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, பானெட்டில் சாய்ந்து போனைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். கறுப்பு ஹூடி போட்டிருந்தான். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ படம் எடுத்து, தெருக்காவல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். 'இவன் மேல் ஒரு கண் வையுங்கள், போன வாரம் கார் திருடியதும் இவன்தான்' என்று கூடவே ஒரு வரி. கார் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. பாட்டி புடவை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் படம் மூன்று குரூப்புக்குப் போயாகிவிட்டது. கோயிலிலிருந்து திரும்பி வந்தால், கேட் முன்னால் இரண்டு பேர் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மச்சான் 'போலீஸ்' என்றார். அக்கா 'வக்கீல் நோட்டீஸ்' என்றாள். பெரியப்பா, 'கோயில் கமிட்டியில் சொல்லிப் பேசி முடிப்போம்' என்றார். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் அடுத்த சில வாரம் ஒவ்வொரு கதவாகப் போய் விசாரித்தேன், சட்டங்களை எடுத்துப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஆறு வழி இருக்கிறது. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும்: அது நிற்க வேண்டுமா, திருத்தம் வர வேண்டுமா, எழுதியவருக்குத் தண்டனை வேண்டுமா, பணம் வேண்டுமா? எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நான்கும் வேண்டியிருந்தது, அதனால்தான் அந்தச் சண்டை.

போலீஸ்

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் வீணாகப் போவதும் இதுதான். பொய்யாக ஒருவர் பெயரைக் கெடுப்பது இந்த நாட்டில் இப்போது கிரிமினல் குற்றமே இல்லை. 2024 ஏப்ரலில் அதிபர் ரமபோசா கையெழுத்திட்ட சட்டத்திருத்தம் கிரிமினல் அவதூறை ஒழித்துவிட்டது. 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சைபர் குற்றச் சட்டம், செய்திகளில் மூன்று வகையைத்தான் குற்றமாக்குகிறது: வன்முறைக்கோ சொத்தை நாசமாக்கவோ தூண்டுவது, ஆளை மிரட்டுவது, அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்புவது. மூன்றுக்கும் அதிகபட்சம் 3 வருஷம் சிறை. 'இவன் திருடன்' என்பது எதிலும் அடங்காது. 'இவனைக் கண்டால் கையைக் காலை உடையுங்கள்' என்று எழுதியிருந்தால் அடங்கும். மச்சான் போன ஒரு போலீஸ் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கேஸ் நம்பர் தராமல் அனுப்பிவிட்டார்கள். விளக்கம் சொல்லாமல் அனுப்பியது தப்பு. ஆனால் சட்டப்படி பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

மச்சானுக்கு இதில் ரொம்ப வருத்தம். பொய் சொன்னவனைப் பிடித்து உள்ளே போடாத சட்டம் என்ன சட்டம் என்று கேட்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களுக்கு மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் சொந்தம் உண்டு. அங்கே 2018ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, எரிச்சல், அவமானம், மனக்கவலை உண்டாக்கும் செய்திக்குக்கூட 10 வருஷம் வரை தண்டனை என்று ஆக்கினார்கள். எரிச்சலை யார் அளப்பது? மந்திரிக்கு எரிச்சல் வந்தால்? அப்புறம் 2024 நவம்பரில், போன் பேச்சுப் பதிவுகள் கசிந்துகொண்டிருந்த நேரத்தில், தேர்தலுக்குச் சில நாள் முன்னால் நாடு முழுக்கச் சமூக ஊடகத்தையே முடக்க உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள். பேச்சுக்குப் போலீஸைக் கூப்பிடும் வழி அகலமாக இருந்தால், அதில் முதலில் நடந்து வருவது நம் மாதிரி ஆட்கள் இல்லை.

பாதுகாப்பு ஆணை

இதைப் பற்றித்தான் நம் மக்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. 2011ல் இயற்றி 2013 ஏப்ரல் 27 முதல் அமலில் இருக்கும் தொந்தரவுத் தடுப்புச் சட்டம். பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் படிவம் நிரப்பினால் போதும். விண்ணப்பக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பதினெட்டு வயதாகாத பிள்ளைகூட பெற்றோர் இல்லாமல் கேட்கலாம். வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ்., ஃபேஸ்புக் எல்லாம் இதற்குள் வரும். முதலில் இடைக்கால ஆணை, எதிராளியையும் விசாரித்த பிறகு இறுதி ஆணை. இறுதி ஆணை சாதாரணமாக 5 வருஷம் நிற்கும். ஆணையோடு ஒரு கைது வாரண்டும் எழுதி நிறுத்தி வைத்திருப்பார்கள். மீறினால் அது உயிர் பெறும், 5 வருஷம் வரை சிறையும் உண்டு.

இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டால், அவர் பெயரையும் முகவரியையும் தரும்படி போன் கம்பெனிக்குக் கோர்ட்டே உத்தரவு போடலாம். 2009லிருந்து சிம் பதிவு தொடங்கியதால் நம்பருக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். (அந்த சிம் பதிவைக் கொண்டுவந்த ரிக்கா சட்டம்தான் ரகசிய ஒட்டுக்கேட்புக்கும் வழி செய்தது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னால்கூடத் தகவல் சொல்லாதது உட்பட அதன் பல குறைகளுக்காக, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு உதவிய அதே பதிவேடு யார் கையில் இருக்கிறது என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு.)

ஆனால் ஒரே ஒரு தடவை போட்ட பதிவுக்கு இந்த ஆணை கிடைப்பது கஷ்டம். ஒரே ஒரு மின்னஞ்சலுக்காக மாஜிஸ்திரேட் கொடுத்த ஆணையை எங்கள் க்வாசூலு-நட்டால் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. தொந்தரவு திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே செயல் அந்த அளவுக்குக் கொடுமையானதாக இருக்க வேண்டும் என்றது. அக்கா மகன் விஷயத்தில் படம் ஒரு தடவைதான் வந்தது. அதனால் இந்தப் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடாமல், மேஜை டிராயரில் வைத்தோம். இன்னொரு படம் வந்தால் மறுநாள் காலையே கோர்ட்டில் நிற்பது என்று முடிவு.

சிவில் வழக்கும் அதற்கு முந்தைய கடிதமும்

பணத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் போக வேண்டும். சின்ன வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் 20,000 ரேண்ட் வரை கேட்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கலாம், ஆனால் அவதூறுக்கு அல்ல. அந்த நீதிமன்றச் சட்டமே அவதூறு வழக்கை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆக, மாஜிஸ்திரேட் கோர்ட், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், கூடவே வக்கீல் செலவு, காத்திருப்பு. வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டு.

சட்டம் என்னவோ நம் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. எழுதியவர் 'நான் சொன்னது உண்மை' என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். 2013ல் ஹெரால்ட் வழக்கில், ஃபேஸ்புக்கில் எழுதியதை எடுத்துவிடும்படி ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் இஸ்பார்ட்டா வழக்கில், எழுதிய பெண்ணோடு சேர்த்து, டேக் செய்யப்பட்ட அவர் கணவரும் பொறுப்பு என்று தீர்ப்பாகி 40,000 ரேண்ட் இழப்பீடு. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. தன் பெயர் அதில் இருப்பது தெரிந்தும் விலகிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். குரூப்பில் கட்டைவிரல் காட்டுகிறவர்கள் இந்த வழக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பிடித்த தீர்ப்பு இன்னொன்று. பள்ளிப் பையன்கள் மூன்று பேர் துணைத் தலைமையாசிரியரின் தலையை வேறொரு ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்பிய வழக்கு. 2011ல் அரசியலமைப்பு நீதிமன்றம் இழப்பீட்டை 45,000 ரேண்டிலிருந்து 25,000 ஆகக் குறைத்து, கூடவே அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிட்டது. பெயர் போனவருக்கு முதலில் வேண்டியது எது என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதை வைத்துத்தான் நாங்கள் கடிதம் எழுதினோம். வக்கீல் தலைப்புகூட இல்லாத ஒரு பக்கம். படம் போட்டவருக்கும் அட்மினுக்கும். கேட்டது மூன்று: படத்தை நீக்க வேண்டும், அதே குரூப்பில் அதே ஆட்கள் பார்க்கும்படி திருத்தம் போட வேண்டும், யார் யாருக்கு அனுப்பினாரோ அங்கேயும் போட வேண்டும். ஏழு நாள். இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்போம். பெரியப்பா தானே நேரில் போய்க் கொடுத்தார். கமிட்டி வழிதான் வேண்டும் என்றவர் அவர், கடைசியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வேலை செய்தது. எழுத்தில் இல்லாத சமாதானம் மறந்துபோகும், ஆள் போகாத கடிதம் பகையாகும்.

சமத்துவ நீதிமன்றம், தகவல் ஒழுங்காணையம்

நிறம், இனம், மதம், பாலினம் வைத்து இழிவு செய்தால் சமத்துவ நீதிமன்றம். எல்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் அது உண்டு, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. டர்பன் கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதிய பென்னி ஸ்பாரோ 2016ல் 150,000 ரேண்ட் கட்ட வேண்டி வந்தது இந்த வழியில்தான். ஆனால் வெறுமனே 'மனம் புண்பட்டது' என்பது வெறுப்புப் பேச்சு ஆகாது என்று 2021 ஜூலையில் க்வெலானே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் எல்லை கட்டிவிட்டது. அந்த எல்லை சரி என்பதே என் கட்சி.

பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தகவல் ஒழுங்காணையத்திடம் போவது கம்பெனி, பள்ளி, செக்யூரிட்டி நிறுவனம், அரசுத் துறை மேல் புகார் என்றால் மட்டும். 2023ல் நீதித்துறை அமைச்சகத்துக்கே 5 மில்லியன் ரேண்ட் அபராதம் போட்டார்கள். ஆனால் முற்றிலும் சொந்த, வீட்டு உபயோகத்துக்கான விஷயங்களை அந்தச் சட்டம் தொடாது. தனிமனிதர் அனுப்பிய படத்துக்கு அங்கே போய் நேரத்தைச் செலவு செய்ய வேண்டாம்.

எந்தக் கதவானாலும் ஒன்று வேண்டும்: ஆதாரம். குரூப் பெயர், அனுப்பிய நம்பர், தேதி, நேரம் எல்லாம் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட். முடிந்தால் சாட்டை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கோபத்தில் முதலில் 'டிலீட் பண்ணு' என்று கத்தாதீர்கள். அவர் டிலீட் செய்துவிட்டால் நம் கையில் ஒன்றும் இருக்காது.

எங்களுக்கு ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, திருத்தம் வந்தது. நாலு வரி. பெயரைச் சரியாக எழுதியிருந்தார், மன்னிப்பும் கேட்டிருந்தார். மூன்று குரூப்பில் இரண்டில் வந்தது. மூன்றாவதன் அட்மின் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்கா மகன் இப்போது பாட்டி வீட்டுக்குப் போனால் காரிலிருந்து இறங்குவதில்லை, ஹாரன் அடிக்கிறான்.

ஆதாரம் தேடப்போன இடத்தில் நான் பார்த்தது வேறொன்று. அந்த குரூப்பை ஆறு மாதம் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். இருபதுக்கும் மேல் படங்கள். அக்கா மகனைத் தவிர அநேகமாக எல்லோரும் ஆப்பிரிக்க இளைஞர்கள். புல் வெட்ட வந்தவர்கள், பஸ்ஸுக்கு நடந்தவர்கள், ஒருவன் வெறுமனே மர நிழலில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றின் கீழும் அதே மாதிரி ஒரு வரி. அவர்களில் யாரும் அந்த குரூப்பில் இல்லை, தங்கள் முகம் சுற்றுவது தெரியாது, கடிதம் கொண்டுபோகப் பெரியப்பாவும் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், நம் மக்கள் அதிகம் வாழும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களாக 36 உயிர் போனபோது தெருக்களில் சுற்றிய வாய்ஸ் நோட்டுகளை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சைபர் குற்றச் சட்டம் அப்போது இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் 'ஒரு கண் வையுங்கள்' என்ற வரியை அது தொட்டிருக்காது.

போலீஸ் கேஸ் நம்பர் இல்லாமல் யார் முகத்தையும் போடக்கூடாது என்று அட்மினிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டு குரூப் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பழைய படங்கள் அவரவர் போனில் இருக்கின்றன.

அதில் ஒருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்றாம் வீட்டுக்குச் சனிக்கிழமை தோட்டவேலைக்கு வருகிறவர். போன மாதம் கேட் பக்கம் அவரைப் பார்த்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே இருந்த வரியை இரண்டு தடவை படித்தார். 'இதை எனக்கு அனுப்புங்கள். தேதி தெரிகிற மாதிரி' என்று சொல்லிவிட்டுத் தன் நம்பரைச் சொன்னார்.